“அது போன கூட்டத்துலயே பாஸ் ஆயிடுச்சு சார்”

கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்த அறிவிப்பைப் படிக்க மூன்று முறை குனிந்து நிமிர்ந்தேன். நகராட்சி அலுவலக மாடிப்படிக்கு அடியில், வெளிச்சம் எட்டாத இடத்தில் இருந்தது அந்தப் பெட்டி. எங்கள் தெருமுனைப் பூங்காவில் பாதியை வண்டி நிறுத்துமிடமாக மாற்றப்போவதாகத் திட்டம். ஆட்சேபனை உள்ளவர்கள் எழுத்துமூலம் தெரிவிக்கலாம் என்றது கடைசி வரி. வீட்டுக்குப் போய் இரண்டு பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டு, மறுநாள் கொண்டுபோய் நீட்டினேன். எழுத்தர் மனுவைப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “அது போன கூட்டத்துலயே பாஸ் ஆயிடுச்சு சார்” என்றார், பரிவாகத்தான்.

அவர்மேல் கோபம் வரவில்லை. விதிப்படி பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே நடந்திருந்தது. அறிவிப்பு வைத்திருந்தார்கள். கூட்டமும் பொதுமக்களுக்குத் திறந்த கூட்டம்தான். போயிருந்தால் யாரும் தடுத்திருக்கப் போவதில்லை. என்றைக்குப் போக வேண்டும், அன்றைக்கு எது பேசப்படும் என்பதுதான் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்றிலிருந்து ‘வெளிப்படையான நிர்வாகம்’ என்று யார் பேசினாலும் ஒரே கேள்விதான் எழுகிறது: விஷயம் என் காதுக்கு வந்தபோது அதை மாற்ற இன்னும் நேரம் இருந்ததா?

அடுத்த மாதக் கூட்டத்துக்குப் போய்ப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தேன். உறுப்பினர்கள் ஒவ்வொருவர் முன்பும் தடித்த காகிதக் கட்டு இருந்தது. எங்கள் பக்கம் ஒரு துண்டுத்தாள்கூட இல்லை. “பொருள் எண் பதினாறு.” சலசலப்பு. “அனுமதிக்கலாமா?” சலசலப்பு. “அனுமதிக்கப்பட்டது. பொருள் எண் பதினேழு.” எதை அனுமதித்தார்கள், எத்தனை ரூபாய், எந்தத் தெரு? ஒன்றும் புரியவில்லை. நடுவில் பட்டியலிலேயே இல்லாத இரண்டு பொருள்களைக் கடைசி நேரத்தில் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்கள். அவையும் நிறைவேறின. பக்கத்தில் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருந்தார். “புரியுதாம்மா?” என்று கேட்டேன். “நாலு வருஷமா வர்றேன் தம்பி. எப்ப எழுந்திருக்கணும்னு மட்டும் புரியும்” என்றார்.

இந்தப் பார்வையாளர் வரிசை எப்படி வந்தது என்று தேடிப் படித்தேன். அந்த நாற்காலியை யாரும் தானமாகத் தந்துவிடவில்லை. அரசுக் காகிதங்களைக் குடிமக்கள் பார்க்கலாம் என்று ஸ்வீடன் 1766இலேயே சட்டம் செய்தது. உலகில் அதுதான் முதல். ஆனால் ஊர் மன்றங்களின் கதவு வேறு கதை. பிரிட்டனில், வேல்ஸ் பகுதியின் டென்பி என்ற சிறு நகரத்தின் மன்றம் ஒரு பத்திரிகைக்காரரைக் கூட்டத்துக்குள் விடவில்லை. வழக்கு நீதிமன்றம் போய், விடாமல் இருக்க மன்றத்துக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பானது. அதனால் 1908இல் பத்திரிகையாளர்களை அனுமதிக்கச் சொல்லிச் சட்டம் வந்தது. மன்றங்கள் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தன. எல்லா உறுப்பினர்களும் இருக்கும் அதே அறையில், “இப்போது நாம் மன்றம் அல்ல, குழு” என்று ஒரு தீர்மானம் போட்டுவிட்டால் போதும். சட்டம் மன்றக் கூட்டத்துக்குத்தான், குழுக் கூட்டத்துக்கு இல்லை. பத்திரிகைக்காரர் எழுந்து வெளியே போக வேண்டியதுதான். இந்த ஓட்டை ஐம்பது ஆண்டுக்கு மேல் இருந்தது. 1960இல் அதை அடைத்துப் பொதுமக்களையும் உள்ளே விட்ட மசோதாவைக் கொண்டுவந்தவர் அப்போதுதான் நாடாளுமன்றத்துக்கு வந்திருந்த மார்கரெட் தாட்சர். பிற்காலத்தில் அவர் செய்தவை பற்றி எனக்கு வேறு கருத்துகள் உண்டு. அந்த ஒரு மசோதாவுக்கு மட்டும் ஒரு கும்பிடு.

கலிஃபோர்னியாவிலும் இதே விளையாட்டுதான். அங்கே ‘குழு’ என்பதற்குப் பதில் ‘ஆய்வு அமர்வு’, ‘பட்டறை’ என்று பெயர். முடிவை அங்கே எடுத்துவிட்டு, பொதுக் கூட்டத்தில் கையை மட்டும் தூக்குவார்கள். 1952இல் ஒரு நாளிதழ் இதைத் தொடராக எழுதி அம்பலப்படுத்தியது. 1953இல் ரால்ஃப் பிரவுன் என்ற சட்டமன்ற உறுப்பினரின் பெயரால் ஒரு சட்டம் வந்தது. பின்னால் அதில் சேர்த்த ஒரு விதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே பொருள் பட்டியலைப் பொது இடத்தில் வைக்க வேண்டும். பட்டியலில் இல்லாததை, சில அவசர நேரங்கள் தவிர, பேசி முடிவெடுக்கக் கூடாது. ஒவ்வொரு பொருளையும் சுருக்கமாக விளக்க வேண்டும். அதற்குப் பொதுவாக 20 சொல்லுக்கு மேல் தேவையில்லை என்று சட்டமே சொல்லிவிடுகிறது. 20 சொல்! எங்கள் பூங்காவுக்கு அது தாராளம். “தெருமுனைப் பூங்காவில் பாதியை வண்டி நிறுத்துமிடமாக மாற்றுதல்” என்றால் ஆறு சொல்தான். நான் அந்த நிறைவேறிய தீர்மானத்தைப் பிறகு வாங்கிப் படித்தபோது பூங்கா என்ற சொல்லே அதில் இல்லை. ஒரு புல எண், ஒரு கோப்பு எண், ‘பயன்பாட்டு மாற்றம்’ என்ற இரண்டு சொல். பொய் ஒன்றும் எழுதவில்லை. யாருக்கும் புரிந்துவிடாதபடி உண்மையை எழுதியிருந்தார்கள்.

ஆகவே இப்போது யாராவது ‘எல்லாத் தகவலையும் இணையத்தில் ஏற்றிவிட்டோம்’ என்று பெருமைப்பட்டால் நான் அவசரப்பட்டுக் கைதட்டுவதில்லை. எப்போது ஏற்றினார்கள் என்று பார்ப்பேன். கூட்டத்துக்குப் பிறகு ஏற்றியிருந்தால் அது வரலாற்று ஆவணம், அவ்வளவுதான். அடுத்து, தேட முடிகிறதா என்று பார்ப்பேன். காகிதத்தைக் கோணலாக ஸ்கேன் செய்து, 300 பக்கத்தை ஒரே பிடிஎஃப் ஆக்கி, ‘டாக்_ஃபைனல்_2’ என்று பெயர் வைத்து ஏற்றுவார்கள். தெருப் பெயரைத் தட்டினால் ஒன்றும் வராது, ஏனென்றால் அது எழுத்து இல்லை, எழுத்தின் புகைப்படம். கண் தெரியாதவர் பயன்படுத்தும் வாசிப்பு மென்பொருளுக்கு அது வெற்றுத்தாள். கணினியில் தட்டச்சு செய்த கோப்பை அச்செடுத்து, கையெழுத்து வாங்கி, மறுபடி படம்பிடித்து ஏற்றும் இந்த வழக்கத்தை யார் தொடங்கினார்களோ! மூலக் கோப்பை அப்படியே ஏற்றியிருந்தால் வேலையும் மிச்சம், தேடவும் முடியும்.

யாரும் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கலிஃபோர்னியாவிலேயே ஓர் ஊர் இருக்கிறது, பெல் என்று பெயர். சுமார் 35,000 பேர் வாழும், பெரும்பாலும் உழைக்கும் குடும்பங்களின் ஊர். 2005இல் ஊர் தனக்கென்று ஒரு சாசனத்தை, அதாவது சொந்த நிர்வாக விதித்தொகுப்பை, ஏற்க ஒரு தனி வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்கள் 400 பேருக்கும் குறைவு. அந்த மாற்றத்தால் உறுப்பினர் சம்பளத்துக்கு மாநிலச் சட்டம் வைத்திருந்த உச்சவரம்பு அவர்களுக்குப் பொருந்தாமல் போனது. 2010இல் ஒரு நாளிதழ் தோண்டியபோது, நகர மேலாளருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 8,00,000 டாலர் சம்பளம் என்று தெரிந்தது. பகுதிநேர உறுப்பினர்கள் ஆளுக்கு 1,00,000 டாலர் அளவில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலாளர் பின்னால் சிறைக்குப் போனார். கவனியுங்கள், இது 72 மணி நேர விதி நடப்பில் இருந்த மாநிலம். விதி இருந்தது, பட்டியலைப் படிக்க ஆள் இல்லை. உள்ளூர்ச் செய்தித்தாள் மூடப்பட்ட ஊர்களை அமெரிக்காவில் ஆய்வு செய்த பொருளியல் அறிஞர்கள், அதன்பின் அந்த ஊர் நிர்வாகங்கள் வாங்கும் கடனுக்கு வட்டி 0.05 முதல் 0.11 சதவீதப் புள்ளி வரை கூடியதாகக் கண்டார்கள். கடன் கொடுப்பவனுக்குத் தெரிகிறது, கண்காணிப்பு இல்லாத ஊரில் பணம் போட்டால் ஆபத்து அதிகம் என்று.

சரி, ஆள் வந்தால் போதுமா? வந்தவர்கள் யார் என்றும் பார்க்க வேண்டும். பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாசசூசெட்ஸில் 97 ஊர்களின் கட்டட அனுமதிக் கூட்டக் குறிப்புகளை எடுத்து, பேசியவர்கள் யார் யார் என்று வாக்காளர் பட்டியலோடு ஒத்துப் பார்த்தார்கள். சொந்த வீட்டுக்காரர்கள், வயதானவர்கள், ஆண்கள், நீண்ட காலமாக அங்கேயே இருப்பவர்கள் ஆகியோரின் பங்கு ஊரின் விகிதத்தைவிட அதிகமாக இருந்தது. புதிய குடியிருப்புத் திட்டங்களைப் பற்றிப் பேசியவர்களில் பெரும்பாலோர் எதிர்த்தே பேசினார்கள். வாடகை வீடு கிடைக்காமல் அல்லாடும் ஆளுக்கு அந்த மாலை நேரத்தில் வேலை இருந்திருக்கும், அல்லது குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்திருக்காது. இனி வரப்போகும் வீட்டில் குடியேறப் போகிறவர் இன்னும் அந்த ஊருக்கே வரவில்லை. அவர் எங்கே கூட்டத்துக்கு வருவது?

2020இல் கூட்டங்கள் ஜூமுக்குப் போனபோது, இனி எல்லோரும் வீட்டிலிருந்தே பேசுவார்கள் என்று நானும் நம்பினேன். அதே ஆய்வாளர்கள் அதையும் அளந்து பார்த்தார்கள். பேசியவர்களின் முகச்சாயல் ஏறக்குறைய மாறவே இல்லை. ஜூம் செய்த ஒரே புரட்சி, இங்கிலாந்தில் ஹேண்ட்ஃபோர்த் என்ற சிற்றூர் மன்றத்தில் உறுப்பினர்கள் ஒருவர்மேல் ஒருவர் கத்தியதை 2021இல் லட்சக்கணக்கானோர் பார்த்துச் சிரித்ததுதான். சண்டையைப் பார்க்க உலகமே வரும். சாக்கடைத் திட்டத்தைக் கேட்க யார் வருவார்கள்?

வந்தார்கள், ஓர் ஊரில். தென் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே. பங்கேற்பு பட்ஜெட் என்று இன்று உலகமெங்கும் ஆயிரக்கணக்கான நகரங்கள் செய்வது 1989இல் அங்கேதான் தொடங்கியது. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் வெற்றியை மட்டும் எழுதுவார்கள். என்னைப் பிடித்து உட்காரவைத்தது முதல் இரண்டு ஆண்டு.

தொழிலாளர் கட்சி புதிதாக நகரத்தைப் பிடித்திருந்தது. ஒலிவியோ துத்ரா மேயர். மக்களைக் கூப்பிட்டு, உங்கள் பகுதிக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். மக்கள் சொன்னார்கள். கஜானாவைத் திறந்து பார்த்தால் வருமானம் ஏறக்குறைய முழுவதும் சம்பளத்துக்கே போய்க்கொண்டிருந்தது. சாலை போட, குழாய் பதிக்கக் காசில்லை. கேட்டது நடக்கவில்லை. 1990இல் கூட்டங்களுக்கு வந்தவர்கள் நகரம் முழுவதிலும் ஆயிரம் பேர்கூட இல்லை. பலர் இந்த இடத்தில் கடையைக் கட்டியிருப்பார்கள். “மக்களுக்கு ஆர்வமில்லை” என்று ஓர் அறிக்கை எழுதி முடித்திருக்கலாம். துத்ராவின் ஆட்களோ சொத்து வரியைச் சீர்செய்து பணம் தேடினார்கள். நகரை 16 பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கூட்டம் வைத்தார்கள். எந்தப் பகுதிக்கு எவ்வளவு என்பதை மக்கள்தொகை, அங்கே எது எவ்வளவு குறைவாக இருக்கிறது, அந்த மக்கள் எதை முதலில் கேட்டார்கள் என்ற கணக்கில் வைத்தார்கள். அந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரியும். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் முதல் வேலை, போன ஆண்டு ஒத்துக்கொண்டதில் எது முடிந்தது, எது முடியவில்லை, ஏன் என்று அதிகாரிகள் நின்று பதில் சொல்வது.

பத்தாண்டில் வருகிறவர்கள் இருபதாயிரத்தைத் தொட்டார்கள். ஏழைகளும் பெண்களும் பெரிய எண்ணிக்கையில் வந்தார்கள். 1988இல் 75 சதவீத வீடுகளுக்கு இருந்த குடிநீர், கழிவுநீர் இணைப்பு 1997இல் 98 சதவீதம் ஆனது. பிறகு இந்த முறையைப் பின்பற்றிய பிற பிரேசில் நகரங்களையும் ஆய்ந்தபோது, சுகாதாரத்துக்கு ஒதுக்கிய பங்கு கூடி, குழந்தை இறப்பு குறைந்திருந்தது தெரிந்தது. கூட்டம் போட்டால் குழந்தை பிழைக்குமா என்று கேட்பவர்களுக்கு இது ஒரு பதில். அதே போர்ட்டோ அலெக்ரேயில் 2004 தேர்தலில் கட்சி தோற்றபின் அது மெல்ல மெலிந்து, 2017இல் நிறுத்திவைக்கப்பட்டது. பதில் சொல்லும் பழக்கம் போனதும் ஆள் வரும் பழக்கமும் போயிற்று என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

பதில் என்ற இந்தச் சின்ன விஷயத்தில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. 1969இல் ஷெரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கப் பெண்மணி, மக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்தார். கருத்துக் கேட்பது அதில் நான்காம் படிதான். வெறும் சடங்கு என்ற பகுதிக்குள் அதை வைத்தார். பிரெஞ்சு மாணவர்கள் வரைந்த ஒரு சுவரொட்டியையும் அவர் எடுத்துக் காட்டினார். இலக்கண வகுப்பு போல வினைச்சொல்லைத் திரித்துக்கொண்டே போகும்: நான் பங்கேற்கிறேன், நீ பங்கேற்கிறாய், அவன் பங்கேற்கிறான், நாம் பங்கேற்கிறோம், நீங்கள் பங்கேற்கிறீர்கள், அவர்கள் லாபமடைகிறார்கள்.

பதிலை வாங்க ஊருக்கு ஊர் ஒரு சாமர்த்தியம் கண்டிருக்கிறார்கள். 1999இல் தென் கொரியத் தலைநகர் சோலின் மாநகராட்சி, லஞ்சத்தை ஒழிக்க என்று தொடங்கிய ஏற்பாட்டில், கட்டட அனுமதி போன்ற மனுக்கள் எந்த அதிகாரியிடம் இருக்கின்றன, எப்போது வந்தன, எப்போது நகரும் என்பதை இணையத்தில் யாரும் பார்க்கும்படி வைத்தார்கள். ‘மேலிடத்துக்கு அனுப்பியிருக்கு’ என்று சொல்ல முடியாது. எந்த மேலிடம் என்று திரையில் தெரியும். பிரிட்டனில் 2007இல் தொண்டமைப்பு ஒன்று தொடங்கிய தளத்தில், தெருக்குழியைப் பற்றி நான் அனுப்பும் புகார் நிர்வாகத்துக்கும் போகும், வரைபடத்தில் என் பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியும். தனியாகக் கொடுத்த மனு இழுப்பறைக்குள் போய்விடும். நாலு பேர் பார்க்கக் கொடுத்த மனு அத்தனை எளிதாகப் போகாது. ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக்கில் 2010 முதல் நடக்கும் யோசனைத் தளத்தில் ஆதரவு ஒரு பக்கம், எதிர்ப்பு ஒரு பக்கம் எழுதலாம். ஒருவர் எழுதியதற்கு நேரடியாகப் பதில் எழுதி வம்பு வளர்க்க மட்டும் வழியில்லை. இணையத்தில் பத்து நிமிடம் இருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

எங்கள் ஊரில் இதில் எதுவும் இல்லை. நான் செய்தது அற்பம். பொருள் பட்டியலின் நகலைக் கூட்டத்துக்கு முன்பே கேட்டு வாங்க ஆரம்பித்தேன். முதல் மாதம் “அதெல்லாம் உறுப்பினருக்குத்தான் சார்” என்றார்கள். தரக்கூடாது என்று எந்த விதியில் இருக்கிறது என்று எழுதிக் கேட்டேன். இரண்டாம் மாதம் நகல் வந்துவிட்டது, அப்படி ஒரு விதி இல்லை என்பதால். அதை ஒரே பக்கத்தில், எந்தத் தெரு, என்ன வேலை, எவ்வளவு பணம் என்று பேச்சு வழக்கில் எழுதி அக்கம்பக்கத்தில் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால் அதில் முக்கால்வாசி யாருக்கும் ஆர்வமூட்டாத விஷயம். மோட்டார் பழுது, குப்பை வண்டிக்கு டயர். ஆனால் நான்காம் மாதம் எங்கள் உறுப்பினரே அந்தத் தாளைக் கேட்டு வாங்கினார். கட்டு முழுவதையும் படிக்க அவருக்கும் நேரமில்லையாம்.

துணிப்பை அம்மாவின் விவகாரமும் அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. அவர் வீட்டுச் சந்தில் ஒரு விளக்கு வேண்டும். பைக்குள் நாலு மனுவுக்கான நாலு ரசீது, தேதி வாரியாக ஒரு ரப்பர் வளையத்துக்குள். பதில் ஒன்றுக்கும் இல்லை. அந்த நாலு ரசீது எண்ணையும் ஒரே கடிதத்தில் எழுதி, ‘முடியும் அல்லது முடியாது, எதுவானாலும் காரணத்தோடு’ என்று உறுப்பினர் வழியாகக் கேட்டோம். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. அந்தச் சந்து நகராட்சியிடம் ஒப்படைக்கப்படாத தனியார் பாதை. ஆகவே விளக்கு அமைக்க இயலாது.

கடிதத்தை நான் படித்துக் காட்டினேன். அழுதுவிடுவாரோ என்று பயம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்: “இதை மொத மனுவுலயே சொல்லியிருந்தா ஒப்படைக்கிற வேலைய அப்பவே பாத்திருப்பமே தம்பி. சந்துல மொத்தமே அஞ்சு வீடு. அஞ்சு கையெழுத்து வாங்கறது ஒரு வேலையா?”

பூங்காவில் பாதி இப்போது வண்டி நிறுத்துமிடம். அதற்கு இனி ஒன்றும் செய்வதற்கில்லை. அம்மா பதில் கடிதத்தை நாலு ரசீதோடு சேர்த்து ரப்பர் வளையத்துக்குள் வைத்தார். பிறகு அதையே திரும்ப உருவி எடுத்து, பின்பக்கம் வெறுமையாக இருப்பதைப் பார்த்துவிட்டு, “எழுதுங்க தம்பி, யாருக்குன்னு போடணும்?” என்றார்.